நாரி, தோள், முழங்கால்: பிசியோதெரபிக்குப் போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மாசி, பங்குனியில் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடியும்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நாரிப்பிடிப்போடு வருகிறவர்களின் வரிசை நீளும். புது வருடத்துக்கு வீடு கழுவி, வெள்ளையடித்து முடித்தவர்கள் தோள் நோவோடு வருவார்கள். கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடந்துவிட்டு வந்தவர்களுக்குக் குதிக்கால். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "கரண்ட் வைப்பீங்களா?"

நோவைத் தணிக்க மெல்லிய மின்சாரம் கொடுப்பதைத்தான் கேட்கிறார்கள். வைக்கலாம். சூடும் கொடுக்கலாம். ஆனால் தசை, மூட்டு, முள்ளந்தண்டு வருத்தங்களில் ஆளைத் திரும்ப வயலுக்கும் வகுப்பறைக்கும் அனுப்புவது, அவர் வீட்டில் தானே செய்கிற பயிற்சிதான். எந்தப் பயிற்சி, எத்தனை தரம், எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று ஆளைப் பார்த்துக் கணித்துச் சொல்வதற்குத்தான் பிசியோதெரபிஸ்ட் தேவை. கீழே உள்ளதை அந்த நினைப்போடு படியுங்கள்.

முதற்படி: இது பிசியோதெரபிக்குரிய நோதானா?

பெரும்பாலான நாரி நோவும் கழுத்து நோவும் ஆபத்தில்லாதவை. சிலவற்றை மட்டும் "கொஞ்சம் எண்ணெய் பூசிப் பார்ப்போம்" என்று இழுத்தடிக்கக் கூடாது.

நாரி நோவோடு சேர்ந்து, சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி முழுக்க விறைத்துப் போகிறதா? சலம் அடைத்துக்கொள்கிறதா, அல்லது தெரியாமலே போகிறதா? இரண்டு காலும் பலமிழக்கிறதா? அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் அது. மறுநாள் கிளினிக்குக்குக் காத்திருக்கிற விஷயமில்லை. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

காய்ச்சலோடு வரும் முதுகு நோ, காரணமில்லாமல் நிறை குறைவது, எந்தப் பக்கம் படுத்தாலும் இரவில் விடாத நோ, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு நோ, இவை எல்லாம் வைத்தியரிடம் முதலில் போக வேண்டியவை. காசநோய் முள்ளந்தண்டையும் பிடிக்கும் என்பதை எங்கள் ஆட்கள் பலர் நினைப்பதில்லை. வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு முதுகோ இடுப்போ நோகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் தொடக்கூடாது. ஒரே ஒரு மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் கிருமி புகுந்திருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது இரத்தக்கட்டியாக இருக்கலாம், அதை உருவிவிடுவது ஆபத்து. இடது தோள், தாடை, நெஞ்சு நோவோடு வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம், தோள் பிடிப்பு என்று நினைத்துச் சித்தாலேப பூசிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு வகை மெதுவாக வரும். காலையில் எழுந்தால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நாரி இறுகிக் கிடக்கும், நடமாட நடமாட இளகும், இருந்தால் கூடும். நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு இப்படி மாதக்கணக்கில் இருந்தால், அல்லது இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கினால், மூட்டுவாத இரத்தப் பரிசோதனை வேண்டும். பயிற்சி அப்போதும் தேவைதான், ஆனால் மருந்தோடு சேர்த்து. 2006இன் கடைசியில் கல்முனை, மட்டக்களப்புப் பக்கத்தைப் போட்டு உலுக்கிய சிக்குன்குனியா காய்ச்சலை நினைவுள்ளவர்களுக்குத் தெரியும், காய்ச்சல் போன பிறகும் மூட்டு நோ மாதக்கணக்கில் நின்றது. அந்த மாதிரி மூட்டுகளுக்கு மெதுவான அசைவு நல்லது, பலவந்தம் கெடுதி.

இரண்டாம் படி: போகும்போது என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது

அரச வைத்தியசாலையில் வழி நேரானது. ஓ.பி.டி.யிலோ கிளினிக்கிலோ வைத்தியர் பார்த்து, துண்டு எழுதித் தருவார், அதைக் கொண்டு பிசியோதெரபிப் பகுதிக்குப் போய்த் திகதி எடுப்பீர்கள். காசு இல்லை, காத்திருப்பு இருக்கிறது. கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, குடிக்கிற மருந்துகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் பார்க்க வருகிறவர் இறுக்கமான டெனிமில் வந்தால் பாதி நேரம் அதைச் சுருட்டுவதிலேயே போய்விடும். சாரம் வசதி. பெண்கள் தொளதொளப்பான உடுப்பில் வந்தால் நல்லது. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டுமென்றால் திகதி எடுக்கும்போதே கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் தொழிலை விபரமாகச் சொல்லுங்கள். "கமம்" என்றால் போதாது. முதுகில் டாங்கி போட்டு மருந்தடிக்கிறீர்களா, டிரக்டர் ஓட்டுகிறீர்களா, மூடை ஏற்றுகிறீர்களா, வரம்பு கட்டுகிறீர்களா? மருதமுனையில் தறியில் இருக்கிறவருக்கும் ஓட்டமாவடியில் திறீவீலர் ஓட்டுகிறவருக்கும் ஒரே இடத்தில்தான் நாரி நோகும், ஆனால் சொல்கிற மாற்றம் வேறு. நோ எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக்கொண்டு போனால் அது எக்ஸ்ரேயை விடப் பல தடவை பிரயோசனமாக இருக்கும்.

முதல் நாள் குனியச் சொல்வார்கள், நிமிரச் சொல்வார்கள், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், பெருவிரலை அமத்தச் சொல்வார்கள், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்கள். முடிவில் நாலு கேள்விக்குப் பதில் வாங்காமல் எழும்பாதீர்கள்: எனக்கு என்ன, எவ்வளவு காலம் எடுக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதைக் குறைக்க வேண்டும்.

தனியார் நிலையத்துக்குப் போவதானால், பார்க்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ளவரா என்று கேளுங்கள். பரிசோதிக்காமலே "பத்து நாள் கரண்ட் பெக்கேஜ்" விற்கும் இடமென்றால் வந்த வழியே திரும்பலாம்.

நாரி

நாரி நோவில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு "இந்த எலும்பு, இந்தச் சவ்வு" என்று விரல்வைத்துக் காட்டக்கூடிய காரணம் கிடைக்காது. தசையும் மூட்டும் நார்களும் சேர்ந்து கோபித்துக்கொண்ட நிலை. அதில் பெரும்பாலானவை நாலு முதல் ஆறு கிழமைக்குள் நன்றாகக் குறையும். கெடுப்பது படுக்கைதான்.

எம்.ஆர்.ஐ படத்தைச் சொப்பிங் பேக்கில் சுருட்டிக்கொண்டு, இடுப்பில் சாண் அகலப் பெல்ட்டோடு, இரண்டு மாதம் கட்டிலிலேயே கிடந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. படத்தில் "டிஸ்க் புடைப்பு", அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையிலுள்ள சவ்வு புடைத்திருக்கிறது, என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் குனியவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை. நோவே இல்லாத ஆட்களைப் படம்பிடித்த ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வந்தது. இருபது வயதுக்காரரில் 30 வீதத்தினருக்கும், எண்பது வயதுக்காரரில் 84 வீதத்தினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. நரை மாதிரி வயதோடு வருகிற மாற்றத்தில் பெரும்பகுதி அது. படம் தேவைப்படுவது, மேலே சொன்ன அபாய அடையாளங்கள் இருக்கும்போதும், சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கும்போதும்தான்.

திடீரென்று பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? முதல் ஒன்றிரண்டு நாள் மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள், அல்லது பக்கவாட்டில் படுத்துக் கால்களுக்கிடையில் ஒன்று. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தரம் எழும்பி வீட்டுக்குள்ளேயே நடங்கள். கட்டிலிலிருந்து நேரே நிமிராமல், பக்கம் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இளஞ்சூட்டு ஒத்தணம் நல்லது.

நோ சற்று இறங்கியதும் பயிற்சி. முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து ஐந்தாறு வினாடி வைத்திருப்பது, காலுக்குப் பத்துத் தரம். இரண்டாவது, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொண்டு நாரியைப் பாயோடு அமத்துவது, விடுவது. மூன்றாவது, அதே கிடையில் பிட்டத்தை மேலே தூக்கி ஐந்து வினாடி நிறுத்துவது. நாலாவது சற்றுக் கடினம்: கையையும் முழங்காலையும் ஊன்றி நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, நாரி ஆடாமல் பிடிப்பது, பிறகு மற்றப் பக்கம். ஒவ்வொன்றும் பத்துத் தரம், காலையும் பின்னேரமும். இதோடு நடை. வீதியோரத்திலோ வாவிக்கரையிலோ சம நிலத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி, சில நாளுக்கொரு தரம் கூட்டுங்கள். கல்லடிக் கடற்கரை மணலில் நடப்பது அழகுதான், ஆனால் நாரிக்கும் குதிக்கும் தொடக்கத்தில் அது பாரம்.

வயலுக்குத் திரும்பும்போது மருந்தடிக்கிற டாங்கியைப் பற்றி ஒரு சொல். பதினாறு லீற்றர் நிரப்பினால் தண்ணீர் மட்டும் பதினாறு கிலோ. நிலத்தில் வைத்துக் குனிந்து தோளில் மாட்டுவதுதான் நாரியைப் பிடுங்குகிறது. டாங்கியை வரம்பு மேட்டிலோ டிரெய்லர் விளிம்பிலோ வைத்து, முதுகைக் கொடுத்து, இரண்டு வாரையும் மாட்டிக் காலால் எழும்புங்கள். முதல் இரண்டு கிழமை அரை டாங்கி மட்டும். நெல் மூடையை ஒரேயடியாக முறுக்கித் தூக்கி எறிவதை விட, மூடையை உடம்போடு அணைத்துப் பாதத்தைத் திருப்புங்கள். குனியவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குனிவது மனுசன் செய்கிற வேலை. பலம் வந்த பிறகு குனியலாம், தூக்கலாம்.

நோ பிட்டத்திலிருந்து தொடை வழியே பாதம் வரை மின்சாரம் மாதிரி ஓடினால், இருமும்போது தெறித்தால், நரம்பு உரசப்படுகிறது. பெரும்பாலும் கீழ் முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று காரணமாக இருக்கும். இதற்குக் கூடுதலாகப் பொறுமை வேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. வெளியே தள்ளிய சவ்வைப் பல பேரில் உடம்பே கரைத்துவிடுகிறது. இங்கே ஒரு நல்ல அடையாளத்தைக் கவனியுங்கள்: பாதம் வரை இருந்த நோ ஏறி, முழங்காலுக்கு, பிறகு பிட்டத்துக்கு என்று மேலே சுருங்கினால், நாரியில் சற்றுக் கூடினாலும் அது திருந்தும் வழி. கீழே இறங்கினால் செய்கிற பயிற்சியை நிறுத்துங்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு இழுபட்டால் உடனே வைத்தியர்.

யூரியூப் பார்த்து நாரிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குனிந்தால் கால் நோ கூடும் இளவயதுக்காரருக்கு, குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கும் பயிற்சி பல வேளை கைகொடுக்கும். அறுபது தாண்டிய ஒருவருக்கு, கொஞ்சத் தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து நோகும், மதகில் குந்தினால் சரியாகும், சைக்கிள் எத்தனை மைலும் ஓடுவார். அவருக்கு முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருக்கலாம், அதே பின்வளைக்கும் பயிற்சி அவரை மோசமாக்கும். நோ ஒரே நாரியில்தான், பயிற்சி தலைகீழ்.

கழுத்து

கழுத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. போனுக்கும் டியூசன் கொப்பிக்கும் மணிக்கணக்கில் அதைத் தொங்கவிட்டால் பிடரித் தசைகள் களைக்கும். நாடியை உள்ளே இழுத்து ஐந்து வினாடி வைத்திருப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, கழுத்தை இரு பக்கமும் மெல்லத் திருப்புவது, அரை மணிக்கொரு தரம் எழும்புவது, இவ்வளவும் செய்தால் பல பேருக்குப் போதும். கழுத்துப் பட்டியை மாதக்கணக்கில் போட்டால் தசை வலுவிழக்கும். கை விரல் விறைத்தால், கைப்பிடி பலமிழந்தால், நடை தள்ளாடினால் காட்டுங்கள். சலூனில் கழுத்தை "டக்" என்று முறிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், கழுத்தில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன.

தோள்

நாற்பது முதல் அறுபது வயது. காரணமே இல்லாமல் தோள் நோகத் தொடங்குகிறது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. சில மாதத்தில் கை பின்னால் போகாது. சட்டைக் கொலர் எட்டாது, பிளவுஸ் கொக்கி எட்டாது, தலை வார இன்னொருவர் வேண்டும். இறுகிய தோள் என்பது இதுதான். சீனி வருத்தம் உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் இருவருக்கு இது வருகிறது, மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் சீனி பார்க்காத ஒருவருக்குத் தோள் இறுகினால் முதலில் இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

வீட்டிலேயே கண்டுகொள்ள ஒரு வழி. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வெளிப்பக்கம் விரியுங்கள். ஒன்று விரியும், மற்றது கதவு பூட்டினாற்போல் நிற்கும். வேறொருவர் பிடித்துத் தள்ளினாலும் போகாது. தசைநார் கிழிவாக இருந்தால் உங்களால் தூக்க முடியாவிட்டாலும், அடுத்தவர் தூக்கினால் கை போகும்.

இந்த வருத்தம் மூன்று கட்டமாக ஓடும்: நோகும் கட்டம், இறுகும் கட்டம், இளகும் கட்டம். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று வருடம். இதைக் கேட்டதும் முகம் விழுந்துவிடும், ஆனாலும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாம் கிழமை வேறொரு இடத்துக்குப் போய், அங்கே பலவந்தமாக இழுத்து, நோவைக் கூட்டிக்கொண்டு திரும்புவார். முதல் கட்டத்தில் இழுக்கவே கூடாது. மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோகிற கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, முன்னும் பின்னும், வட்டமாகவும் இரண்டு நிமிடம் ஆட விடுங்கள். நாளுக்கு மூன்று நாலு தரம். நோ தாங்க முடியாவிட்டால் மூட்டுக்குள் போடும் ஸ்டெரொய்ட் ஊசி இந்தக் கட்டத்தில்தான் நல்ல பலன் தருகிறது. சீனி வருத்தக்காரருக்கு அதன் பிறகு சில நாள் சீனி ஏறும், அதைக் கேட்டுக்கொண்டே போடுங்கள்.

இரவு நோ அடங்கிய பிறகு இழுப்பைத் தொடங்கலாம். சுவருக்கு முகம் கொடுத்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மல்லாந்து படுத்து, குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோகிற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். துவாயை முதுகுக்குப் பின்னால் மேலும் கீழுமாகப் பிடித்து, மேல் கையால் கீழ்க் கையை இழுங்கள். ஒவ்வொன்றும் இருபது முப்பது வினாடி, ஐந்து தரம். குளித்த பிறகு செய்தால் இளக்கம். சுவரில் கோடு கிழமைக்கு ஒரு விரலாவது ஏறினால் சந்தோசப்படுங்கள்.

முழங்கையும் கையும்

மேசன் வேலை, தறி, தேங்காய் திருவுதல், துணி பிழிதல். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் நோ, வாளி தூக்கவும் ஏலாது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து, முன்னங்கையை மேசையில் கிடத்தி, மணிக்கட்டை நல்ல கையால் மேலே தூக்கிவிட்டு, மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தரம், மூன்று சுற்று. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். ஊசி போட்டால் ஆறு கிழமை நன்றாக இருக்கும், ஆனால் வருட முடிவில் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்குத்தான் திரும்ப வருவது கூட என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கர்ப்பிணிகள், தைரொயிட், சீனி வருத்தம் உள்ளவர்களில் அதிகம். இரவில் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டி ஆறு கிழமை போட்டாலே பல பேருக்குக் குறையும். பெருவிரல் அடித் தசை வற்றத் தொடங்கினால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் பெருவிரல் பக்க மணிக்கட்டு நோவது, குழந்தையைக் கக்கத்தில் கைவிட்டு பெருவிரலை விரித்துத் தூக்குவதால். உள்ளங்கையைக் குழந்தையின் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

முழங்கால்

"எலும்பு தேஞ்சு போச்சாம் மனே, நடந்தா இன்னும் தேயும்தானே?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆச்சி மட்டக்களப்பில் இல்லை. தேயாது. மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அமத்துப்பட்டு விடுபடும்போதுதான் அதற்குள் சத்து ஊறிப் போகிறது. நடக்காத முழங்காலில் தசை வற்றும், மூட்டு இன்னும் பாரம் சுமக்கும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிறவர் சந்தைக்குப் போய் வருவார், கொஞ்சமே தேய்ந்தவர் எழும்ப மாட்டார். படத்துக்கும் நோவுக்கும் நேர்க்கணக்கு இல்லை.

முழங்காலுக்கு மருந்து தொடைத் தசையில் இருக்கிறது. காலை நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கீழே அமத்துங்கள். தொடை இறுகும். பத்து வினாடி, பத்துத் தரம். ஒரு கிழமைக்குப் பிறகு நீட்டிய காலை ஒரு முழம் தூக்கிப் பிடியுங்கள். அடுத்தது கதிரைப் பயிற்சி, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கதிரையைச் சுவரோடு சாத்துங்கள், வழுக்காது. பதிவாக இருந்தால் ஒரு தலையணை போடுங்கள். விளிம்புக்கு வந்து, பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டுமளவு முன்னுக்குச் சாய்ந்து எழும்புங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இருங்கள். முதலில் கையால் பிடித்து, பிறகு பிடிக்காமல், பிறகு தலையணையை எடுத்துவிட்டு. எட்டுப் பத்துத் தரம், மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டுக் கிழமை எடுக்கும்.

நிறை குறைப்பது வீண் உபதேசம் போல் இருக்கும். ஆனால் கணக்கு கவர்ச்சியானது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. ஊன்றுகோலை நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், எல்லாரும் மாறித்தான் பிடிக்கிறார்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில்.

தரையில் குந்தித் தேங்காய் திருவுகிற திருவலையை மேசையில் பூட்டுகிறதாக மாற்றலாம். குந்து மலசலகூடத்துக்கு மேல் வைக்கும் கொமட் கதிரை வாங்கலாம். முஸ்லிம் வயோதிபர்கள் நோ கூடிய நாட்களில் கதிரையில் இருந்து தொழலாம், மார்க்கம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் முழங்கால் மடிகிற அளவை முற்றாக விட்டுவிட வேண்டாம், கட்டிலில் படுத்தாவது நாளாந்தம் மடக்கி நீட்டுங்கள்.

குதியும் கணுக்காலும்

காலையில் முதல் அடி வைக்கும்போது குதியில் ஆணி குத்தினாற்போல் நோ, பத்தடியில் குறையும். எக்ஸ்ரேயில் "முள் வளர்ந்திருக்கு" என்பார்கள். முள் இருந்தும் நோவில்லாதவர்கள் எவ்வளவோ பேர், முள்ளை வெட்டத் தேவையில்லை. சீமெந்துத் தரையிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தி, வீட்டுக்குள் போட மெத்தென்ற ஒரு சோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். சுவரைத் தள்ளிக் கெண்டைக்காலை இழுப்பது முப்பது வினாடி, மூன்று தரம். அப்புறம் படியின் விளிம்பில், விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாய் வைத்து, மூன்று எண்ணிக் குதியைத் தூக்கி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்க நேர்த்தி வைத்தவர்கள் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே தூரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி நடந்து பழகினால் காட்டில் கால் கைவிடாது.

கணுக்கால் சுளுக்கில் முதல் கேள்வி, முறிவா என்பது. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992இல் வகுத்த எளிய விதி இன்றும் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது: காயப்பட்ட உடனும் ஆஸ்பத்திரியிலும் நாலு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பை அமத்தினால் நொந்தால், எக்ஸ்ரே. பாதத்தின் நடுப்பகுதியில் நோவுக்கும் இதுபோல் தனி இடங்கள் உண்டு. முறிவில்லையென்றால் ஓரிரு நாள் ஐஸ், பட்டி, காலை உயர்த்துவது, பிறகு நடை. வீக்கம் இறங்கியதும் ஒற்றைக் காலில் நின்று பல் தீட்டுங்கள். பந்தடிக்கிற பெடியன்களுக்குத் திரும்பத் திரும்பச் சுளுக்குவது இந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டதால்தான்.

எண்ணெய், சூடு, மருந்துப் பத்து, கரண்ட்

எண்ணெய் பூசி மெல்ல உருவினால் நோ சற்று அடங்கும், நல்ல நித்திரை வரும். தடையில்லை. ஆனால் முறிவு என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் உருவுவதும் இழுப்பதும் வேறு. குறிப்பாகச் சிறுபிள்ளையின் முழங்கை. அடிபட்ட முழங்கையை உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு நிரந்தரமாக இறுகலாம். பத்துப் போட்டு இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை சூம்பலாம். கட்டிய பிறகு விரல் நீலம் பாரித்தால், விறைத்தால், விரலை நீட்டும்போது உயிர் போனாற்போல் நொந்தால், கட்டை அவிழ்த்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. முறிவு வைத்தியரிடம் போவதானாலும் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள்.

சூட்டு ஒத்தணத்தில் ஆபத்து சீனி வருத்தக்காரரின் பாதத்தில். உணர்வு குறைந்த காலுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்து, கொப்பளம் வந்த பிறகே தெரியும், அந்தப் புண் விரலை எடுக்கும் வரை போகலாம். சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்து, துணி சுற்றி, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கரண்ட், அல்ட்ராசவுண்ட், மெழுகு எல்லாம் நோவைச் சில மணித்தியாலம் தணிக்கும். அந்த நேரத்தில் பயிற்சி செய்ய முடிகிறதென்றால் வைப்பதில் அர்த்தமிருக்கிறது. நெஞ்சில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலே சொல்லிவிட வேண்டும். பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் டைக்ளோபெனாக் போன்ற நோ மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிறசருக்கு மருந்து குடிப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

வீட்டில் எவ்வளவு நொந்தால் நிறுத்துவது?

எல்லாரும் தடுமாறும் இடம் இது. பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு கணக்கு வையுங்கள், பத்து என்றால் தாங்கவே முடியாத நோ. பயிற்சியில் நோ மூன்று, நாலுக்குள் இருந்தால், மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கியிருந்தால், அதே அளவில் தொடருங்கள். ஒரு கிழமை அப்படிப் போனால் கூட்டுங்கள். ஐந்தைத் தாண்டினால், அல்லது மறுநாளும் நோ கூடியே இருந்தால், வீங்கினால், பயிற்சியை விட வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தசையில் வரும் அலுப்பு நோ இரண்டு நாளில் தானே போகும்.

பயிற்சி விடுபடுவது பெரும்பாலும் நோவால் அல்ல, மறதியாலும் வீட்டு வேலையாலும். ஐந்து ஆறு பயிற்சி சொன்னால் ஒன்றும் நடக்காது, அதனால் இரண்டு மூன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதைப் பல் தீட்டுவது, தேத்தண்ணி கொதிக்கிறது, மக்ரிப் தொழுகை, விளக்கு வைப்பது என்று ஏற்கனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். பிளாஸ்டர் வெட்டிய மணிக்கட்டு, மாற்று மூட்டு வைத்த முழங்கால் போன்றவற்றில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே முதல் ஆறு கிழமையில் மடக்காத மூட்டைப் பிறகு மடக்குவது மிகக் கடினம், நாளுக்கு நாலைந்து தரம் செய்தே ஆக வேண்டும்.

படுவான்கரையிலிருந்தோ பொத்துவில் பக்கத்திலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர் கிழமைக்கு மூன்று நாள் வரமாட்டார், வரவும் தேவையில்லை. முதல் நாள் மகனோ மருமகளோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் பயிற்சி செய்வதை அவர் உங்கள் போனிலேயே வீடியோ எடுக்கட்டும், எத்தனை தரம் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும். ஆறு கிழமை ஒழுங்காகச் செய்தும் அசைவு கூடவில்லை, நோ ஒரு புள்ளியும் இறங்கவில்லை என்றால் அதே பயிற்சியைத் தொடராமல் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.